எங்கள் நால்ரோட்டின் புதிய சிக்னல் எதை எண்ணுகிறது?

கடைவாசல் (இழை தொடங்கியவர்) · திங்கள், இரவு 9.40

எங்கள் ஊர் நால்ரோட்டில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். 22 ஆண்டுகளாகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. நடுநடுவே வியாபாரமும் நடக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் பழைய சிக்னல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். நான்கு பக்கமும் கேமரா, விநாடி காட்டும் பலகை. திறப்பு விழாவில், வண்டிகளை எண்ணிப் பார்த்து அதுவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதல் சில மாதம் பரவாயில்லை என்றே தோன்றியது.

இப்போது காலை எட்டரைக்குக் காவலர் வருகிறார், பெட்டியைத் திறக்கிறார், கையால் இயக்குகிறார், பதினொரு மணிக்குப் போகிறார். அவர் போன பிறகு சிக்னல் தன் போக்கில் ஓடுகிறது. தெற்குச் சாலையில் ஒரு நாய்கூட இல்லாதபோதும் அதற்கு முழுப் பச்சை. மேற்கில் பெட்ரோல் பங்க் வரை வரிசை நிற்கிறது.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி என்று ஏதாவது நடக்கிறதா? நம் சாலைக்கென்று யாராவது யோசித்திருக்கிறார்களா, வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே இறக்கிவைத்துவிட்டார்களா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதற்கு என் கடையிலேயே ஆள் இருக்கிறது.

கேள்விக்குறி · திங்கள், இரவு 9.52

ஒப்பந்தம், கமிஷன், திறப்பு விழா. விடை முடிந்தது, இழையை மூடிவிடலாம்.

நாற்சந்தி · திங்கள், இரவு 11.15

மூட வேண்டாம். ஆராய்ச்சி நடக்கிறது, நம் சாலைக்கென்றே நடக்கிறது. அது உங்கள் பெட்டிக்குள் வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை. சிக்னல் வடிவமைப்பில் நெடுநாள் இருப்பவன் நான். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் கணக்கின் அடித்தளம் இன்றைக்கும் 1958இல் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்திலிருந்து வெப்ஸ்டர் வெளியிட்டதுதான். எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் நேரத்தைச் சுற்று என்போம். ஒவ்வொரு முறை பச்சை கைமாறும்போதும் சில விநாடிகள் யாருக்கும் பயனின்றிப் போகும். அந்த வீண் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஐந்தைக் கூட்டி, சந்திப்பில் இன்னும் நிரம்பாமல் மிச்சமிருக்கும் பங்கால் வகுத்தால் உகந்த சுற்று வரும்.

நான்கு திசைக்கும் சேர்த்து 16 விநாடி வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு 70 விழுக்காடு நிரம்பியிருந்தால் சுற்று 97 விநாடி. 80 விழுக்காடு என்றால் 145. 90 என்றால் 290. அதாவது ஏறக்குறைய ஐந்து நிமிடம். நூறைத் தொட்டால் சூத்திரத்துக்கு விடையே இல்லை. காலை ஒன்பது மணிக்கு உங்கள் நால்ரோடு இதில் எங்கே இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் உட்கார்ந்து போட்ட கணக்கை இயந்திரமே போடட்டும் என்ற முயற்சி 1970களில் வலுத்தது. இங்கிலாந்தில் ஸ்கூட், சிட்னியில் ஸ்காட்ஸ். இன்றும் உலகெங்கும் இவை ஓடுகின்றன. ஸ்கூட், சந்திப்புக்கு வெகு முன்னதாகவே தரைக்குள் சென்சாரைப் புதைத்து, வரப்போகும் கூட்டத்தை எண்ணி, பச்சையைச் சிறிது சிறிதாக நகர்த்தும். ஸ்காட்ஸ், நிற்கும் கோட்டருகே பார்க்கும். பச்சை எரியும்போது வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளி அதிகம் விழுந்தால் பச்சை வீணாகிறது என்று பொருள். நெருக்கமாகப் போனால் இன்னும் தேவை என்று பொருள்.

யோசனை அழகானது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை பதுங்கியிருக்கிறது: ஒரு தடத்தில் ஒரு வண்டிக்குப் பின்னால்தான் இன்னொரு வண்டி வரவேண்டும். நம் ஊரில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே மூன்று பைக்கும் ஓர் ஆட்டோவின் மூக்கும் இருக்கும். சென்சாரின் பார்வையில் இடைவெளியே இல்லை. தரைக்குள் புதைத்த கம்பிச் சுருளின் மேல் மூன்று பைக் ஒன்றாக ஏறினால் அது ஒன்று என்று எண்ணும். இரண்டு சுருளுக்கு நடுவே புகுந்து போகிற ஸ்கூட்டர் எதிலும் பதிவாகாமலே போகும். போதாக்குறைக்கு, சாலையைச் சுரண்டித் தார் போடும்போது சுருளும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் இங்கே எல்லோரும் கேமராவுக்குத் தாவினார்கள்.

கடைவாசல் · செவ்வாய், காலை 7.05

நன்றி ஐயா, புரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு துணைக் கேள்வி. விநாடி காட்டும் பலகை சிலசமயம் 20இலிருந்து நேராக 4க்குக் குதிக்கிறதே, அது ஏன்?

நாற்சந்தி · செவ்வாய், காலை 7.30

நேரத்தை அவ்வப்போது முடிவு செய்யும் சிக்னலுக்கு, பச்சை எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரியாது. விநாடிப் பலகையோ முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பத்தில் மாட்டினால் ஒன்று பொய் சொல்லும். ஆனால் பலகை இல்லாவிட்டால் மக்கள் கோபித்துக்கொள்கிறார்கள், அதனால் மாட்டுகிறோம்.

முன்னாள் காக்கி · செவ்வாய், காலை 10.20

போக்குவரத்துப் பிரிவில் 19 ஆண்டு வெயிலில் நின்றவன். காவலர் பெட்டியைத் திறப்பதைப் பலரும் சோம்பேறித்தனம் அல்லது அதிகாரம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் திறந்ததற்குக் காரணம் வேறு.

இயந்திரம் பார்ப்பது உள்ளே வரும் சாலையை. நான் பார்ப்பது வெளியே போகும் சாலையை. மேற்கே போகிற வழியில் பள்ளிக்கூட வேன் நடுரோட்டில் நிற்கிறது என்று வையுங்கள். சிக்னல் தன் கணக்குப்படி கிழக்குக்குப் பச்சை போடும். வண்டிகள் புறப்படும், போக இடமில்லாமல் சந்திப்பின் நடுவிலேயே நிற்கும். அடுத்து வடக்குக்குப் பச்சை விழும், நடுவில் நிற்பவர்களால் அவர்களும் நகர முடியாது. இரண்டே சுற்றில் நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை பூட்டினால் அவிழ்க்க அரைமணி நேரம். 108 வண்டி வரும் சத்தம், பஞ்சாலை ஷிப்ட் விடும் நேரம், தேர்வு நாள், முகூர்த்த நாள் எதுவும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

அதனால் என் முறை இதுதான்: ஒரு திசையை முழுதாகக் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறப்பேன்.

நாற்சந்தி · செவ்வாய், பிற்பகல் 1.10

> ஒரு திசையை முழுதாகக் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறப்பேன்

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. நின்றிருந்த வரிசை நெருக்கமாக வெளியேறும் வரைதான் பச்சைக்கு மதிப்பு. அதன் பிறகு வருபவர்கள் தூரத்திலிருந்து விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்காகப் பிடித்துவைக்கும் ஒவ்வொரு விநாடியும் மற்ற மூன்று பக்கமும் வரிசையை வளர்க்கிறது. கையால் இயக்கும் சந்திப்புகளில் ஒரு சுற்று நான்கைந்து நிமிடம் இழுப்பதை நானே நின்று அளந்திருக்கிறேன். நீங்கள் காலி செய்த திசையில் உள்ளவர்கள் வாழ்த்துவார்கள். மற்றவர்கள் வாழ்த்துவது உங்கள் காதில் விழாத தொலைவில் நிற்கிறார்கள்.

ஆனால் வெளியேறும் வழி பற்றி நீங்கள் சொன்னதற்குத் தலைவணங்குகிறேன். வெப்ஸ்டரின் கணக்கில் வெளியேறும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. அந்த ஓட்டையை ஆராய்ச்சி பிடிக்க வெகுகாலம் ஆனது. 2008இல் ஜெரோலிமினிஸ், டகான்சோ என்ற இருவர் ஜப்பானின் யோகோஹாமா நகரத் தரவை எடுத்து ஒன்றைக் காட்டினார்கள். நகரின் ஒரு பகுதிக்குள் வண்டிகள் கூடக்கூட முதலில் போக்குவரத்து உயர்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே வண்டி அதிகம், வெளியேறுவது குறைவு. ஆகவே அந்த அளவுக்குக் கீழேயே வைத்துக்கொள்ள, எல்லையிலேயே வண்டிகளை நிறுத்திவைப்பது எல்லோருக்கும் நல்லது. சூரிச் நகரம் இதை நெடுங்காலமாகச் செய்கிறது. மையத்துக்குள் வரும் சாலைகளில் கார்களைக் காக்கவைத்துவிட்டு, உள்ளே டிராமுக்குப் பச்சை போடுகிறது.

நீங்கள் வேனைப் பார்த்ததும் கிழக்கைப் பிடித்து நிறுத்தினீர்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம்தான்.

முன்னாள் காக்கி · செவ்வாய், பிற்பகல் 1.45

அப்படியென்றால் எனக்கும் ஒரு முனைவர் பட்டம் வாங்கித் தாருங்கள் தம்பி. நீளப் பச்சை பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் யோசிக்கிறேன்.

ஐந்தாம் ஆண்டு · செவ்வாய், இரவு 10.05

இந்தத் துறையில் ஆய்வு செய்கிறேன். பெயரைப் பார்த்தே எத்தனையாவது ஆண்டு என்று தெரிந்திருக்கும், எப்போது முடிப்பாய் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நாற்சந்தி ஐயா தடம் இல்லாத சிக்கலைச் சொன்னார். இந்திய ஆய்வுகள் அங்கிருந்துதான் வேறு பாதை பிடித்தன. தடத்தையே மறந்துவிட்டு, சாலையை ஒரு முற்றம் மாதிரிப் பார்ப்பது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தமிழ் அரசன் 2005இல் கோஷியுடன் சேர்ந்து வெளியிட்ட கணினி மாதிரியில் தடமே கிடையாது. சாலை முழுவதும் ஒரே பரப்பு, வண்டிகள் அதன்மேல் நகரும் செவ்வகங்கள். பஸ் பெரிய செவ்வகம், பைக் சின்னது. இடம் கிடைக்கிற பக்கம் ஒதுங்கி முன்னேறும். 2006இல் டெல்லி ஐ.ஐ.டி.யின் மல்லிகார்ஜுனாவும் இராமச்சந்திர ராவும், எத்தனை வண்டி என்று எண்ணுவதைவிடச் சாலைப் பரப்பில் எவ்வளவு, எவ்வளவு நேரம் மூடப்பட்டிருக்கிறது என்று அளக்கலாம் என்றார்கள். பரப்பு நிறைவு என்று நாங்கள் சொல்கிறோம். கோலம் போட்ட வாசலில் எத்தனை புள்ளி என்று கேட்காமல், எவ்வளவு தரை வெள்ளையாகியிருக்கிறது என்று கேட்பது போல.

இதில் எனக்குப் பிடித்தது, கேமராவுக்கு இது பொருத்தமான கேள்வி என்பதுதான். ஒவ்வொரு பைக்கையும் பிரித்து எண்ணுவது கேமராவுக்குக் கடினம். தரை தெரிகிறதா இல்லையா என்பது அதைவிட எளிது.

இனிமேல் கெட்ட செய்தி. பகல் வெளிச்சத்தில் என் நிரல் நன்றாக எண்ணுகிறது. இருட்டினால் முகப்பு விளக்கு கேமராவைக் குருடாக்குகிறது. ஈரச் சாலையில் விளக்கின் பிம்பத்தையும் ஒரு வண்டியாக எண்ணிவிடுகிறது. பஸ் முன்னால் வந்து நின்றால் அதன் பின்னால் பத்து பைக் இருந்தாலும் தெரியாது. கேமராவை உயரமாக வைத்தால் குறையும், ஆனால் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது நான் இல்லை. வெளிநாட்டுப் படங்களில் கற்றுக்கொண்ட நிரலுக்கு நம் ஆட்டோ என்னவென்றே தெரியாது. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018இல் ஐதராபாத், பெங்களூருச் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்களை 34 வகையாகக் குறித்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன்பின் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. கூண்டு கட்டிய கோழி வண்டி, கதவைத் திறந்துவைத்து ஓடும் மினி பஸ், தென்னங்கீற்று ஏற்றிய சைக்கிள் எல்லாம் இன்னும் என் கனவில் வருகின்றன.

கேள்விக்குறி · செவ்வாய், இரவு 10.40

சரி, கமிஷன் விஷயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேராகவே கேட்கிறேன். உலகில் எங்காவது இது வேலை செய்திருக்கிறதா? லாஸ் ஏஞ்சல்ஸ் 1984 ஒலிம்பிக்குக்காகக் கணினிக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. 2013இல் நகரின் சுமார் 4,400 சிக்னல்களையும் ஒன்றோடொன்று இணைத்து முடித்தது. இன்று அந்த ஊரில் நெரிசல் இல்லையா? நெரிசலுக்கு உவமை சொல்லவே அந்த ஊரைத்தான் இழுக்கிறார்கள்.

டுரான்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, பெருவழிச் சாலையை எந்த விகிதத்தில் கூட்டினார்களோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடியது என்று காட்டினார்கள். சிக்னலைச் சீராக்குவதும் மறைமுகமாகச் சாலையை அகலமாக்குவதுதானே? வழி விட்டால் வண்டி வரும்.

ஐந்தாம் ஆண்டு · செவ்வாய், இரவு 11.20

வேலை செய்த இடம் உண்டு அண்ணா. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2012இல் ஒன்பது சந்திப்புகளில் சர்ட்ராக் என்ற முறையை வைத்தார்கள். மையக் கணினி கிடையாது. ஒவ்வொரு சந்திப்பும் தன் முன்னால் நிற்பதைப் பார்த்துத் தன் திட்டத்தைப் போட்டு, இன்னின்ன வண்டிகளை அனுப்புகிறேன் என்று பக்கத்துச் சந்திப்புக்குச் சொல்லிவிடும். அதில் பயண நேரம் 25 விழுக்காடு குறைந்ததாக அவர்களே அறிவித்தார்கள். நம் நாட்டிலும் திருவனந்தபுரம் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம், கலப்புப் போக்குவரத்தை மனதில் வைத்துக் கோசிகாஸ்ட் என்ற கட்டுப்பாட்டு முறையை உருவாக்கியிருக்கிறது. ஆக, கடைவாசல் அண்ணாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: எல்லாமே வெளிநாட்டுப் பெட்டி இல்லை.

ஆனால் எங்கள் துறையின் ஓர் அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தானே கற்றுக்கொள்ளும் சிக்னல் என்று ஆண்டுதோறும் கட்டுரைகள் குவிகின்றன. பெரும்பாலானவை கணினிக்குள் கட்டிய ஊரில்தான் ஓடுகின்றன. அங்கே யாரும் எதிர்த்திசையில் வருவதில்லை, மாடு படுப்பதில்லை, சென்சார் கெடுவதே இல்லை. எல்லா வண்டியும் எங்கே இருக்கிறது என்று சிக்னலுக்கு முழுதாகத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் நானும் நல்ல சிக்னல்தான்.

நடந்துபோகிறவள் · புதன், காலை 6.50

இத்தனை பதிவில் ஒருவரும் நடப்பவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. வெப்ஸ்டர் முதல் பிட்ஸ்பர்க் வரை எல்லாம் வண்டி. நான் தினமும் அம்மாவைக் கைப்பிடித்து மருத்துவமனைக்குச் சாலையைக் கடக்கிறேன். எங்களுக்கு எத்தனை விநாடி என்று யார் கணக்குப் போடுகிறார்கள்?

நாற்சந்தி · புதன், காலை 8.15

குத்தியது, ஆனால் சரியான இடத்தில் குத்தியது. கணக்கு இருக்கிறது. வழக்கமாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொள்வோம். 14 மீட்டர் சாலைக்குச் சுமார் 12 விநாடி. உங்கள் அம்மா 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் பதினேழரை விநாடி வேண்டும். அந்த ஐந்தரை விநாடி அவர் நடுச்சாலையில் நிற்கிறார். நெரிசல் நேரத்தில் விநாடி பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவதும் நடப்பவரின் பச்சைதான். ஏனென்றால் நடப்பவர் எந்தச் சென்சாரிலும் வரிசையாகத் தெரிவதில்லை.

சிங்கை மாலை · புதன், காலை 9.00

இங்கே சிங்கப்பூரில் 2009 முதல் ஒரு வசதி இருக்கிறது. மூத்தோர், உடற்குறை உள்ளோர் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் நடப்பவர் பச்சை 3 முதல் 13 விநாடி வரை நீளும். சாலையின் அகலத்தைப் பொறுத்தது. என் மாமியார் அட்டையைக் காட்டிவிட்டு ராணி மாதிரி நடப்பார்.

ஆனால் சிங்கப்பூரைக் காட்டி ஊரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே சிக்னல்கள் சிட்னி ஸ்காட்ஸின் வழிவந்த முறையில்தான் ஓடுகின்றன. அது இங்கே ஓடக் காரணம் சிக்னல் அல்ல. 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தார்கள். 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். கார் வாங்கும் உரிமையையே 1990 முதல் ஏலம் விடுகிறார்கள். சாலைக்கு வரும் வண்டியை முதலில் குறைத்துவிட்டுப் பிறகு சிக்னலிடம் கொடுத்தால் எந்தச் சிக்னலும் புத்திசாலிதான்.

கேள்விக்குறி · புதன், காலை 9.20

இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாக்ஹோமில் 2006இல் ஏழு மாதம் கட்டணத்தைச் சோதித்தார்கள், மையத்தின் எல்லையைக் கடக்கும் வண்டி சுமார் 20 விழுக்காடு குறைந்தது. 2007இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதுவும் மின்னணுக் கருவி, கேமரா எல்லாம் வைத்த நுண்ணறிவுப் போக்குவரத்துதான். ஆனால் அதை நம் ஊரில் எந்த மேடையிலும் ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள்.

நாற்சந்தி அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கணக்கில் ஒரு பஸ்ஸுக்கு எத்தனை மதிப்பு?

நாற்சந்தி · புதன், காலை 9.45

எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று தெரிகிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் 1990ஆம் ஆண்டு நகரச் சாலை நெறிமுறைப்படி, ஒரு கார் 1 என்றால் பஸ் 2.2, பஸ், லாரிகளின் பங்கு கூடினால் 3.7. இரு சக்கர வண்டி 0.5 அல்லது 0.75. ஆட்டோ 1.2 அல்லது 2.

கேள்விக்குறி · புதன், காலை 9.58

அந்த எண் எதைக் குறிக்கிறது? உள்ளே இருக்கும் ஆளையா, பிடிக்கும் இடத்தையா?

நாற்சந்தி · புதன், காலை 10.10

இடத்தை. சாலைக்கு அது எவ்வளவு பாரம் என்பதை.

கேள்விக்குறி · புதன், காலை 10.25

ஆக, 60 பேர் தொங்கிக்கொண்டு வரும் டவுன் பஸ் 2.2. ஒற்றை ஆள் ஓட்டிவரும் மூன்று கார் 3. உங்கள் சிக்னல் மூன்று காருக்குத்தான் அதிக மரியாதை கொடுக்கும். அறுபதுக்கு முன்னால் மூன்று பெரிது என்று சொல்லும் இயந்திரத்தை எந்த வாயால் புத்திசாலி என்பது? சென்சார், கேமரா, கற்றுக்கொள்ளும் நிரல் எல்லாம் பிறகு. எதை எண்ணச் சொல்லி அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டாமா?

நாற்சந்தி · புதன், பிற்பகல் 12.30

பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை அழித்துவிட்டேன். நீங்கள் சொல்வது சரி. ஒப்பந்த ஆவணத்தில் வண்டிகளின் சராசரிக் காத்திருப்பு குறைய வேண்டும் என்று இருக்கும். மனிதர்களின் காத்திருப்பு என்று எழுதப்பட்ட ஆவணம் என் மேசைக்கு வந்ததில்லை. ஸ்கூட் போன்றவற்றில் பஸ் வருவதைக் கண்டு பச்சையை நீட்டும் வசதி இருக்கிறது. இருப்பதை இயக்குவது வேறு.

ஐந்தாம் ஆண்டு · புதன், பிற்பகல் 1.05

பஸ் எங்கே வருகிறது என்பது தெரியாத காலம் போய்விட்டது என்று மட்டும் சேர்க்கிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் லலிதா வனஜாட்சி குழுவினர் 2009இலேயே, மாநகரப் பேருந்துகளின் ஜி.பி.எஸ். பதிவை வைத்து அடுத்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று கணித்துக் காட்டினார்கள். முன்னால் போன பஸ் பட்ட பாட்டைப் பார்த்துப் பின்னால் வரும் பஸ்ஸின் நேரத்தைத் திருத்துவது அதன் சாரம். இப்போது பயணிகளின் கைப்பேசியிலேயே பஸ் நகர்வது தெரிகிறது. பயணிக்குத் தெரிந்தது சிக்னலுக்குத் தெரியவில்லை. நடுவே இருப்பது ஒரு கம்பியும் இரண்டு அலுவலகங்களும்.

நெறியாளர் · புதன், பிற்பகல் 2.00

அலுவலகப் பெயர்கள் வேண்டாம். யாரும் எழுதவில்லை, இனி எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முன்னாள் காக்கி · புதன், மாலை 5.30

கடைவாசல் தம்பி, இவ்வளவு பேசியும் உங்கள் தெற்குச் சாலை அப்படியே இருக்கிறது. ஒன்று செய்யுங்கள். நாளை காவலர் போன பிறகு, நோட்டும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு இருபது சுற்று எழுதுங்கள். எந்தத் திசைக்கு எத்தனை விநாடி, பச்சை முடியும்போது கோட்டில் எத்தனை வண்டி. அவ்வளவு போதும்.

நாற்சந்தி · புதன், மாலை 6.10

ஐயா சொன்னது மிகச் சரி. குறிப்பாகத் தெற்கைப் பாருங்கள். மற்ற மூன்றும் கூடிக் குறைந்து, தெற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நின்றால், அந்தப் பக்கக் கேமராவுக்குப் பார்வை இல்லை. பார்வை போனால் பெரும்பாலான பெட்டிகள் அங்கே வண்டி நிற்பதாகவே வைத்துக்கொண்டு உச்ச நேரத்தைக் கொடுத்துவிடும். வண்டி இருக்கும்போது பச்சையே கொடுக்காமல் விடுவதைவிட அது மேல் என்ற கணக்கு.

கடைவாசல் · வியாழன், இரவு 8.45

எழுதினேன். 11.20 முதல் 11.55 வரை ஒரு தவணை, பிற்பகலில் ஒரு தவணை, மொத்தம் 20 சுற்று. மேற்கு 38 முதல் 70 வரை. கிழக்கு 31 முதல் 66. வடக்கு 15 முதல் 40. தெற்கு இருபது முறையும் 60. ஒரு விநாடி கூடவில்லை, குறையவில்லை. அதில் எட்டு முறை பச்சை விழும்போது கோட்டில் ஒரு வண்டியும் இல்லை.

உடனே போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று மதியத்திலிருந்து யோசிக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் கம்பத்துக்கும் பக்கத்து வேப்ப மரத்துக்கும் நடுவே மூங்கில் வைத்து ஒரு காதணி விழாப் பேனர் கட்டியிருந்தார்கள். விழா முடிந்தும் யாரும் அவிழ்க்கவில்லை. காற்றில் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு போய்க் கேமராவின் மேல் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. கேமராவின் கண்ணுக்கு நேரே இருப்பது பேனரின் அடிவரிசைப் படங்கள். தாய்மாமன்கள் வரிசை. இடமிருந்து மூன்றாவது நான்.

முன்னாள் காக்கி · வியாழன், இரவு 8.52

மூன்று மாதமாகத் தெற்கே ஒரு வண்டி நிற்பதாக அது நினைத்ததில் தவறில்லை தம்பி. ஆள் நின்றிருக்கிறார்.

கேள்விக்குறி · வியாழன், இரவு 9.01

கமிஷன் என்று நான் எழுதிய முதல் பதிவைத் திரும்பப் பெறவில்லை. இந்தச் சந்திப்புக்கு மட்டும் நிறுத்திவைக்கிறேன்.

கடைவாசல் · வெள்ளி, இரவு 9.30

காலையில் அந்தக் காவலரிடமே போய்ச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், பிறகு சிரித்தார். அவரே சொல்லி ஏணி வரவழைத்தார், என் கடைப் பையன் ஏறி அவிழ்த்தான். பதினொரு மணிக்குப் பிறகு பத்துச் சுற்று எழுதினேன். தெற்கு 12 முதல் 28 வரை. மேற்கு வரிசை பெட்ரோல் பங்குக்கு முன்னாலேயே முடிகிறது.

காலை எட்டரைக்கு மட்டும் அவர் இன்னும் பெட்டியைத் திறக்கத்தான் செய்கிறார். இனி எதற்கு என்று கேட்டேன். மேற்கே கையைக் காட்டினார். பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. அதன் பின்னால் டவுன் பஸ், படியில் பத்துப் பேர்.

நடந்துபோகிறவள் · வெள்ளி, இரவு 9.48

நடப்பவர்களுக்கு எத்தனை விநாடி என்று எழுதினீர்களா அண்ணா?

கடைவாசல் · வெள்ளி, இரவு 9.55

இல்லை அம்மா. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டு · வெள்ளி, இரவு 10.10

அண்ணா, அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? கேமரா மறைந்திருந்தபோதும் மறைப்பு நீங்கிய பிறகும் ஒரே சந்திப்பில் கையால் எழுதிய பதிவு எனக்குக் கிடைத்ததே இல்லை.

கடைவாசல் · வெள்ளி, இரவு 10.18

அனுப்புகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேல்பாதியில் கடன் வைத்தவர்கள் கணக்கு இருக்கிறது, அதை மட்டும் மறைத்துவிடுகிறேன்.